படகின் அடிவயிறு

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், உறவினரோ நண்பர்களோ கூட்டாகச் சேர்ந்து பழைய படகு வாங்குவதில் உள்ள கணக்குகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த மின்னஞ்சல்களில் ஒன்றுக்குத் தனியாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து எழுதிய வாசகி ஒருவர், தம் கணவரும் அவருடைய அண்ணனும் எட்டு மீட்டர் நீள ஃபைபர்கிளாஸ் படகு ஒன்றை வாங்கியிருப்பதாகவும், ஓராண்டாக அது பெரும்பாலும் கட்டிய இடத்திலேயே கிடப்பதாகவும் சொல்லியிருந்தார். “முன்பு போல் வேகம் எடுக்கவில்லை. பெட்ரோல் மட்டும் குடிக்கிறது. அடியில் சாயம் பூச வேண்டும் என்கிறார்கள். பட்டறையில் கேட்கும் கூலியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு நாங்களே செய்துவிடலாமா?”

பாதி வேலையைச் செய்யலாம். எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

தீபாவளிக்கு முன் வீட்டுச் சுவருக்கும் கேட்டுக்கும் சாயம் அடிக்கிறோமே, அது போன்ற குடும்ப வேலை என்று நினைத்துக்கொண்டுதான் பலர் இதில் இறங்குகிறார்கள். சுவரில் பூசுவது அழகுக்காக. படகின் அடியில் பூசுவதை யாரும் பார்க்கப் போவதில்லை. அது உயிர்களைக் கொல்வதற்காகவே செய்யப்பட்ட மருந்து. அமெரிக்காவில் இந்தச் சாயங்களைப் பூச்சிக்கொல்லிகளின் வரிசையில்தான் பதிவு செய்கிறார்கள். தோட்டத்துக்கு மருந்தடிக்கும்போது பிள்ளைகளை வீட்டுக்குள் போகச் சொன்ன தாத்தா பாட்டி நம்மில் பலருக்கு உண்டு. அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும்.

அடியில் என்னதான் நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். கடலில் மூழ்கிய எந்தப் பொருளும் வெறும் பொருளாக அதிக நேரம் இருப்பதில்லை. சில மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வந்து ஒட்டுகின்றன. சில நாள்களில் கை வைத்தால் வழுக்கும் மெல்லிய படலம். பிறகு பச்சைப் பாசி, குழாய்ப் புழுக்கள், சிப்பிகள். எல்லோரையும்விடப் பிடிவாதக்காரர் பார்னக்கிள். மலாயில் தெரித்திப் என்பார்கள். தமிழ்நாட்டுக் கடலோரத்தில் கொட்டலசு. படகுத்துறைத் தூண்களிலும் பாறைகளிலும் சின்னஞ்சிறு எரிமலைகளைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். வெறுங்காலோடு அதன்மேல் மிதித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பார்ப்பதற்குச் சிப்பி போலத் தெரிந்தாலும் இது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தம். குஞ்சுப் பருவத்தில் கடலில் நீந்தித் திரியும். பிடித்த இடம் கிடைத்ததும் தலையைக் கீழே ஊன்றி, தானே சுரக்கும் பசையால் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் எழுப்பிவிடும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் தலைகீழ் வாசம்தான். கால்களை வெளியே நீட்டி விசிறி, தண்ணீரில் வரும் உணவை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். ஒன்று குடியேறினால் பக்கத்தில் இன்னொன்று வரும். படகின் அடி உப்புத்தாள் போலாகி, பிறகு கருங்கல் ஜல்லி கொட்டிய சாலை போலாகிவிடும். அந்தச் சாலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்றால், இயந்திரம் பெட்ரோல் குடிப்பதில் வியப்பில்லை.

குளிர் நாட்டுக்காரர்கள் இலையுதிர் காலத்தில் படகைக் கரையேற்றி, வசந்தத்தில் சாயம் பூசி இறக்குவார்கள். இணையத்தில் நாம் பார்க்கும் செய்முறைக் காணொளிகளில் பெரும்பாலானவை அவர்களுடையவை. நம் கடலுக்கு அந்த விடுமுறை கிடையாது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 28, 30 டிகிரி வெதுவெதுப்பு. ஜனவரியிலும் வளரும், ஆகஸ்டிலும் வளரும். அவர்கள் இரண்டு பருவம் தாங்கும் என்று சொல்லும் சாயம் நம்மிடம் அவ்வளவு நாள் தாங்காவிட்டால், கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை.

இப்போது செம்புக்கு வருவோம். 1761ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற மரப் போர்க்கப்பலின் அடி முழுவதும் மெல்லிய செப்புத் தகடு அடித்து, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. வெப்பக் கடல்களில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழுவைத் தடுப்பதே நோக்கம். திரும்பி வந்த கப்பலைப் பார்த்தால், செம்பு இருந்த இடத்தில் புழுவும் இல்லை, பாசியும் அதிகம் இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. இரண்டு உலோகங்கள் கடல்நீரில் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும் என்ற பாடம் அது. உங்கள் படகில் அவுட்போர்டு இயந்திரம் இருந்தால் அந்த ஆணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வருகிறேன்.

அதைவிடச் சுவையான கதை 1820களில் நடந்தது. செப்புத் தகடு சீக்கிரம் கரைந்து போகிறது, செலவு தாங்கவில்லை என்று கடற்படை முறையிட்டது. அன்றைய புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி தீர்வு சொன்னார். செம்போடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைப் பொருத்துங்கள், அவை கரையும், செம்பு தப்பிக்கும் என்றார். அவர் சொன்னபடியே செம்பு கரையாமல் நின்றது. ஆனால் கப்பல்களின் அடியில் பாசியும் பார்னக்கிளும் அப்பிக்கொண்டன! செம்பு இத்தனை காலம் அடியைச் சுத்தமாக வைத்திருந்ததே, அது கரைந்து கொண்டிருந்ததால்தான். கரைவதை நிறுத்தியதும் காவலும் நின்றுபோனது.

இன்று டின்னில் வாங்கும் சாயத்துக்கும் இதே விதிதான். அதில் பெரும்பாலும் இருப்பது செப்பு ஆக்சைடு. டின்னைத் தூக்கினால் கை இறங்கும் அளவுக்குக் கனம் அதனால்தான். அது சிறிது சிறிதாகக் கடலில் கசிந்தால்தான் வேலை செய்யும். அடுத்த ஆண்டு அடியைப் பார்த்து “சாயம் போய்விட்டதே” என்று வருந்துகிறவர்கள், அது எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. கொஞ்சம் பட்டறைத் தரைக்கு, கொஞ்சம் சுரண்டியவர் மூச்சுக்கு, மிச்சம் தண்ணீருக்கு.

தண்ணீருக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. செம்பைவிடப் பல மடங்கு வீரியமான டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தை 1960களிலிருந்து சாயங்களில் கலந்தார்கள். படகுக்காரர்களுக்குக் கொண்டாட்டம், அடியில் எதுவும் ஒட்டவில்லை. 1970களின் பிற்பகுதியில் பிரான்ஸின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிப் பண்ணைகள் சரியத் தொடங்கின. சிப்பி ஓடுகள் கோணலாகத் தடித்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. பக்கத்திலேயே பொழுதுபோக்குப் படகுகள் நிறைந்த துறைகள். 1982இல் பிரான்ஸ், 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அந்தச் சாயத்தைத் தடை செய்தது. இங்கிலாந்துக் கரைகளில் ஒருவகை நத்தைகளில் பெண்களுக்கு ஆண் உறுப்பு முளைத்து, இனப்பெருக்கமே நின்றது. அதற்குத் தேவைப்பட்ட அளவு எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. உலகளாவிய தடை ஒப்பந்தம் 2001இல் உருவாகி, 2008 செப்டம்பரில்தான் நடப்புக்கு வந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் சேர்ந்துள்ளன. 2023 தொடக்கத்தில் சைபியூட்ரின் என்ற இன்னொரு மருந்தும் அந்தப் பட்டியலில் ஏறியது. வீட்டின் பின்கட்டில் யாரோ கொடுத்த பழைய டின் கிடந்தால், மலிவாகக் கிடைத்ததே என்று திறக்காதீர்கள்.

செம்பு அவ்வளவு கொடியதன்று. ஆனாலும் ஓட்டமில்லாத தண்ணீரில் அது சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவின் சான் டியேகோவில் ஷெல்ட்டர் ஐலண்ட் என்ற படகுத்துறையில் அப்படிச் சேர்ந்ததால், அங்கே கலக்கும் செம்பை 76 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று 2005இல் ஆணையிட்டார்கள். அந்தச் செம்பில் பெரும்பகுதி வந்தது ஆலைகளிலிருந்து அல்ல, வார இறுதியில் ஓட்டுவதற்காகக் கட்டிவைத்திருந்த படகுகளின் அடியிலிருந்து.

நம் ஜொகூர் நீரிணையை நினைத்துப் பாருங்கள். 1924இல் திறக்கப்பட்ட தரைப்பாலம் அதை நடுவில் அடைத்து நிற்கிறது. கிழக்குத் தண்ணீரும் மேற்குத் தண்ணீரும் அங்கே கலப்பதில்லை. அதே நீரிணையில்தான் பச்சைச் சிப்பி, நம் சந்தைகளில் கூப்பாங் என்று கேட்டு வாங்குகிறோமே, அது வளர்கிறது. பாசிர் கூடாங் பக்கத்துக் கம்போங் பாசிர் பூத்தே மக்களும், ஓராங் செலேத்தார் குடும்பங்களும் அதை எடுத்துப் பிழைக்கிறார்கள். சிப்பி தண்ணீரை வடிகட்டி உண்ணும் உயிர். தண்ணீரில் உள்ளதைத் தன் சதையில் சேர்த்துக்கொள்ளும். நம் படகிலிருந்து போனது நம் சட்டிக்கே திரும்பி வர அதிகத் தூரம் இல்லை.

அப்படியானால் சாயமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? அதுவும் சரியில்லை. அடி அழுக்கான படகு எரிபொருளை வீணாக்குவதோடு, ஓரிடத்து உயிர்களை இன்னோரிடத்துக்கு ஏற்றிச் செல்லும். கப்பல்களின் அடியிலும் அவை நிரப்பிக்கொள்ளும் நிறைநீரிலும் அந்நிய உயிர்கள் கடல் கடப்பது உலகறிந்த விஷயம். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மைட்டெல்லா என்ற சிப்பி இனம், கடந்த பத்தாண்டுகளில் இதே ஜொகூர் நீரிணையில் குடியேறி, மீன் பண்ணை வலைகளில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பூச வேண்டும்; தேவையான அளவுக்கு, தேவையான இடத்தில், சிந்தாமல்.

வாசகியின் கேள்விக்கு நேராக வருகிறேன். இந்த வேலையில் பூசுவது சின்னப் பகுதி. பழையதை எடுப்பதுதான் பெரிய பகுதி, அபாயமும் அங்கேதான். படகைக் கரையேற்றிய உடனே, ஈரம் காய்வதற்குள், உயரழுத்த நீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் வழவழப்பாக இருந்த படலம் பிளாஸ்திரி போல இறுகிவிடும். பிறகு மிஞ்சிய பார்னக்கிள்களைச் சுரண்டியால் தள்ள வேண்டும். அப்படியும் வட்ட வட்டமாக வெள்ளை அடித்தட்டுகள் விடாமல் நிற்கும். பிறகு உப்புத்தாள். இந்த உப்புத்தாள் கட்டத்தில் உலர்ந்த சாயம் தூளாகி எழும். தூள் என்றால் செப்பு ஆக்சைடு; பழைய படகாக இருந்தால் அடியடுக்குகளில் அந்த வெள்ளீய மருந்தும் இருக்கலாம். தலைக்கு மேலே கை தூக்கித் தேய்ப்பதால் தூள் முழுவதும் முகத்தில்தான் இறங்கும்.

நம் பட்டறைகளில் இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஊழியர்கள். வங்காளதேசத்தவர், இந்தோனேசியர், நம் ஊர்ப் பையன்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர், டி-சட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, தலைமுடி முதல் இமை வரை செங்காவித் தூளோடு ஒரு படகின் அடியிலிருந்து வெளியே வந்தார். “முகமூடி தரலையா தம்பி?” என்றேன். “முதல் நாள் ஒண்ணு தந்தாங்கண்ணே. சாயங்காலம் மூக்கைச் சிந்தினா செவப்பா வரும். ரெண்டு நாள் லீவு போட்டா சரியாயிடும்” என்று சிரித்தார். தமிழில் சுரண்டல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது அன்றைக்கு எனக்கு மிகப் பொருத்தமாகப் பட்டது.

எனவே ஒரு பட்டறை மற்றொன்றைவிடக் குறைந்த கூலி சொன்னால், எதைக் குறைத்தார்கள் என்று கேளுங்கள். உலர்வாகத் தேய்க்கிறார்களா, தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார்களா? தூளை உறிஞ்சும் இயந்திரம் பொருத்திய தேய்ப்பான் இருக்கிறதா? கீழே தார்ப்பாய் விரிக்கிறார்களா? கழுவிய நீர் எங்கே போகிறது, கால்வாய் வழியாகக் கடலுக்கா, தொட்டிக்கா? சாயக் கழிவுகள் மலேசியாவில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு வகையைச் சேர்ந்தவை. கண்ட இடத்தில் கொட்டுவது குற்றம். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் பட்டறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது என் பார்வையில் வீண் செலவன்று. வேலை செய்பவர்களுக்கு நீங்களே நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தமிழில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கொடுங்கள்.

ஆகக் கழுவுதல், சுரண்டுதல், தேய்த்தல் ஆகிய பாதி பட்டறைக்கு. பூசும் பாதி உங்களுக்கு. பிள்ளைகளுக்கு நான் ஒரே ஒரு விதி வைப்பேன். படகில் நீர்மட்டக் கோடு இருக்கிறதல்லவா? கோட்டுக்கு மேலே பிள்ளைகள், கோட்டுக்குக் கீழே பெரியவர்கள். மேல்பகுதியை நன்னீரால் கழுவி மெழுகு போடுவது, கயிறுகளைப் பார்ப்பது, உயிர்காப்பு மேலங்கிகளைச் சரிபார்ப்பது, படம் எடுத்துக் குறிப்பு எழுதுவது, இதற்கே இரண்டு நாள் போதாது. தேய்ப்பு நடக்கும் நாளில் அவர்கள் பட்டறைக்கே வர வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும் அப்படியே.

எவ்வளவு சாயம் வாங்குவது என்ற கணக்கையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். நீளத்தை அகலத்தால் பெருக்கி, அதை 0.85ஆல் பெருக்கினால் அடிப்பரப்பு ஏறத்தாழக் கிடைக்கும். எட்டு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம் என்றால் 17 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 34. ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டருக்கு வரும் என்பதால் மூன்றரை லிட்டர். நீர்மட்டக் கோட்டிலும் முன்மூக்கிலும் மூன்றாவது பூச்சு வேண்டும் என்பதால் நான்கு லிட்டர். ஐந்தாவது லிட்டர் வாங்கினால் அது அடுத்த ஆண்டு வரை வீட்டில் கிடக்கும் விஷம்.

எந்த வகை வாங்குவது? கடையில் பெயர்கள் மயக்கும், ஆனால் வகை மூன்றுதான். ஓட ஓடத் தேய்ந்து, புது அடுக்கைக் காட்டிக்கொண்டே இருக்கும் மென்சாயம். தேயாமல் நின்று மருந்தை மட்டும் கசியவிடும் கடினச் சாயம். மருந்தே இல்லாமல் வழுக்கியே உயிர்களை உதிர்க்கும் சிலிக்கோன் பூச்சு. மூன்றாவது தண்ணீருக்கு நல்லது. ஆனால் விலை அதிகம், உரசல் தாங்காது, படகு அடிக்கடி நல்ல வேகத்தில் ஓடினால்தான் பயன் தரும். மாதத்துக்கு இரண்டு முறை மீன்பிடிக்கப் போகும் குடும்பப் படகுக்கு மென்சாயமே போதும் என்பேன். பழைய சாயம் எந்த வகை என்று தெரியாவிட்டால் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் மென்சாயம். மென்சாயத்தின் மேல் கடினச் சாயம் பூசினால் மணலில் கட்டிய வீடுதான், தகடு தகடாக உரிந்து வரும். எதுவுமே தெரியவில்லை என்றால் இடையில் ஒரு ஒட்டுப் பூச்சு கொடுத்துவிட்டு மேலே போகலாம்.

பூசும் நாளுக்கு வானத்தைப் பாருங்கள். விடியற்காலையில் படகின் அடியில் பனித்துளி கோத்திருக்கும்; அதன் மேல் பூசினால் நிற்காது. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுவாக வேண்டாம் என்பார்கள். நம் ஊரில் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, பிற்பகல் இடிமழைக்கு முன் முடிப்பதே வழி. பருவமழை மாதங்களில் கிழக்குக் கரையில் இதற்கு முயற்சியே செய்யாதீர்கள்.

டின்னின் அடியில் செம்பு களிமண் போல உறைந்திருக்கும். குச்சியால் பத்து நிமிடம் அடிவரை கலக்குங்கள். கலக்காமல் மேல் நீரைப் பூசியவர்கள், நிறத்தைப் பூசிவிட்டு மருந்தை டின்னோடு குப்பையில் போட்டவர்கள். தின்னர் ஊற்றி நீர்த்துப் போகச் செய்யாதீர்கள். குட்டை மயிர் ரோலரே நல்லது. நீர்மட்டக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசிப் பூச்சு முழுவதும் காய்வதற்கு முன்பே உரித்துவிடுங்கள். கையுறை, கண்ணாடி, நீளக்கை சட்டை. காகித முகமூடி தூளுக்கு ஓரளவு தடை, சாயத்தின் ஆவிக்குத் தடையே இல்லை. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும்.

பழைய படகுக்காரர்களிடமிருந்து ஒரு நல்ல பழக்கம். முதல் பூச்சு ஒரு நிறம், இரண்டாவது வேறு நிறம். சிவப்பின் மேல் கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் கழித்துக் கறுப்பினூடே சிவப்பு தெரியத் தொடங்கினால் நேரம் நெருங்குகிறது என்று பொருள். தெரியாத வரை, ஆண்டு ஒன்றாகிவிட்டதே என்பதற்காக மேலும் மேலும் பூச வேண்டியதில்லை. வருடத்துக்கு ஓர் அடுக்கு என்று ஏற்றிக்கொண்டே போன படகுகளின் அடி, பத்தாண்டில் ஆலமரப் பட்டை போல வெடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பூசக் கூடாத இடங்களும் உண்டு. அலார்ம் கப்பலின் ஆணிகளைச் சொன்னேன் அல்லவா? அவுட்போர்டு இயந்திரத்தின் கீழ்க்கால் அலுமினியம். செப்புச் சாயம் அதைத் தொட்டால், கடல்நீரில் அந்த ஆணிகளின் கதிதான். இயந்திரம் பொருத்திய பலகையைச் சுற்றி இரண்டு விரல்கடை இடம் விடுங்கள். நிறுத்தும்போது இயந்திரத்தைத் தண்ணீருக்கு மேலே சாய்த்து வையுங்கள். அலுமினியப் பாகத்துக்குப் பூசியே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று செப்பு ஆக்சைடு இல்லாத சாயம் தனியாக இருக்கிறது. துத்தநாகக் கட்டிகளின் மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது. டேவி சொன்ன அதே வேலையைத்தான் அவை செய்கின்றன: தான் கரைந்து, இயந்திரத்தைக் காப்பாற்றுகின்றன. சாயம் பூசிய கட்டி கரையாது, காக்காது. பாதி கரைந்திருந்தால் புதிது மாற்றுங்கள். ஆழமும் மீனும் காட்டும் கருவியின் அடிக்கண்ணில் கெட்டியான சாயத்தைத் தடவிவிட்டு, மீனே இல்லை என்று கடலைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

படகு நிற்கும் தாங்கிகளுக்குக் கீழே பூச வேண்டுமே என்று நீங்களாக ஒரு தாங்கியை நகர்த்தாதீர்கள். இரண்டு மூன்று டன் படகு சரிவதற்கு ஒரு நொடி போதும். பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள், அவர்கள் வேறிடத்தில் தாங்கி கொடுத்த பிறகு எடுப்பார்கள். அடியில் கொப்புளம் தெரிந்து, குத்தினால் காடி நாற்றத்தோடு நீர் வந்தால், அது சாயத்தின் குறை அல்ல. ஃபைபர்கிளாஸுக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. அதற்கு வேறு வைத்தியம், வேறு செலவு. இன்னொரு வாரம் பேசலாம்.

விஷமே குறைவாகப் போதும் என்று சொல்பவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடும் படகு, மற்ற நாள்களில் தண்ணீரில் ஊறத்தான் வேண்டுமா? கரையில் அடுக்கி வைக்கும் இடமோ, இழுவண்டியோ கட்டுப்படியானால் அடிச்சாயமே தேவைப்படாது; கடலிலிருந்து வந்ததும் நன்னீரால் கழுவினால் போதும். அந்தச் செலவையும், ஆண்டுதோறும் கரையேற்றிப் பூசும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு குடும்பத்துக் கூட்டுப் படகு என்றால், முடிவெடுக்கும் முன் அண்ணியையும் உட்கார வைத்துப் பேசுவது நல்லது. தண்ணீரில்தான் இருக்கும் என்றால் படகை அடிக்கடி ஓட்டுங்கள்; கட்டிக் கிடக்கும் படகில்தான் எல்லாம் ஒட்டும். இடையில் துடைக்க நினைத்தால் மென்மையான துணி, லேசான கை. தேய்ப்புக் கட்டையால் அழுத்தித் தேய்த்து, படகைச் சுற்றித் தண்ணீர் செந்நிறமாகக் கலங்கினால், காசு கொடுத்து வாங்கிய மருந்தை ஒரே நாளில் கூப்பாங்குக்கு ஊட்டுகிறீர்கள்.

பூசி முடித்த பிறகு எத்தனை மணி நேரம் காய வேண்டும், அதிகபட்சம் எத்தனை நாளுக்குள் தண்ணீரில் இறக்க வேண்டும் என்பது டின்னில் எழுதியிருக்கும். இரண்டையும் படியுங்கள். சாயத்தின் பெயர், நிறம், தேதி, எத்தனை பூச்சு என்பதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லிப் பெரிய பிள்ளையிடம் கொடுங்கள். பிற்காலத்தில் படகை விற்கும்போது அந்த நோட்டுக்கும் ஒரு விலை உண்டு. இறக்கும் நாளில், தூக்கி இயந்திரத்தின் பட்டையிலிருந்து படகை முழுவதும் விடுவிப்பதற்கு முன், ஒருவர் உள்ளே இறங்கி, அடியில் உள்ள ஒவ்வொரு துளைக் குழாயையும் திறப்பானையும் டார்ச் அடித்துத் தொட்டுப் பார்க்கட்டும். வறண்டிருக்கிறது என்று அவர் குரல் கொடுத்த பிறகு பட்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள்.